ரப்பர் கூப்பன் காலத்துச் சிங்கப்பூர்: ஒரு மரபுடைமை நடையின் மதிப்புரை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மரபுடைமை நடைகளுக்குப் பஞ்சமில்லை. ராஃபிள்ஸ் சிலையில் தொடங்கி, பாலங்களை எண்ணிக்கொண்டே போய், படகுத்துறை உணவகங்களின் வாசலில் முடியும் நடைகள் நான்கைந்தில் நானே கலந்துகொண்டிருக்கிறேன். இந்தத் துறைமுகம் எதை வாங்கி எதை விற்றது என்பதை அவற்றில் ஒன்றிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கேட்டதில்லை. 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இந்த ஊரின் வணிகத்தை என்ன செய்தது என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, சிறு குழு ஒன்று இரண்டரை மணி நேர நடையை நடத்துகிறது என்றும், மாதம் ஒருமுறை அதைத் தமிழிலும் நடத்துகிறது என்றும் அறிந்தபோது, 38 வெள்ளிக் கட்டணத்தைப் பற்றி அதிகம் யோசிக்காமல் பதிவு செய்துவிட்டேன். சரக்கு ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். உரிமம், கோட்டா, பிறப்பிடச் சான்றிதழ் ஆகிய சொற்கள் காதில் விழாத வேலைநாள் எனக்குக் கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றங்கரையில் இதே சொற்கள் யாருடைய வயிற்றில் அடித்தன, யாருடைய பெட்டியை நிரப்பின என்று தெரிந்துகொள்ளும் ஆவல் இயல்பாகவே இருந்தது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி கால் மணி நேரம் தாமதமாக வந்தார். ஆளுக்கொன்றாகக் கொடுத்த காதொலிக் கருவிகளில் என்னுடையது பாதி வழியில் ஊமையாகிவிட, மீதிப் பாதியை அவர் தோளோடு தோளாக நடந்தே கேட்க வேண்டியிருந்தது. இவை எங்கும் நடப்பவை. மன்னிக்க எனக்குச் சற்றுக் கடினமாக இருந்தது தொடக்கப் பகுதிதான். பிரேசிலிலிருந்து லண்டனுக்கும் அங்கிருந்து இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் ரப்பர் விதைகளும் நாற்றுகளும் வந்த கதையையும், தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்துக்கு ஊறு நேராமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் பயிரிடும்படி எல்லாரையும் நச்சரித்த கதையையும் நின்ற இடத்திலேயே இருபத்தைந்து நிமிடம் சொன்னார்கள். சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிப் பாடநூல் படித்த எவருக்கும் அது தெரியும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி அறிய வந்தவர்களுக்கு அதில் ஐந்து நிமிடமே போதும்.

அதற்குப் பிறகுதான் நடை உயிர் பெறுகிறது. 1910இல் ஒரு ராத்தல் (பவுண்டு எடை) ரப்பர் லண்டனில் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த மந்தத்தில், 1922இல், அது ஒரு ஷில்லிங்குக்கும் வெகு கீழே விழுந்துவிட்டது. நட்ட மரங்களோ ஆண்டுக்கு ஆண்டு முதிர்ந்து பால் கொடுத்துக்கொண்டே இருந்தன. லண்டனில் பங்குதாரர்களைக் கொண்டிருந்த தோட்ட நிறுவனங்கள் கூக்குரலிட, காலனித்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1921இல் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் பரிந்துரைப்படி 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. விளைச்சலுக்கு அது தடை விதிக்கவில்லை. மரத்தில் எவ்வளவு பால் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கப்பலில் ஏற்றத்தான் அளவு. 1920 அக்டோபரில் முடிந்த ஓராண்டில் ஒரு தோட்டம் எவ்வளவு உற்பத்தி செய்ததோ அதையே அதன் அடிப்படை அளவாகக் கொண்டு, முதற்கட்டமாக அதில் 60 விழுக்காட்டைக் குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்யலாம் என்றார்கள். வரம்பைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு மட்டுமல்ல, அனுப்பும் சரக்கு முழுவதற்குமே ஏறிய தீர்வை. எனவே தாண்டுவது வீண் வேலை. லண்டனில் மூன்று மாதச் சராசரி விலை எப்படி நகர்கிறது என்று பார்த்து, அடுத்த மூன்று மாதத்துக்கான விழுக்காட்டை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள்.

இதை விளக்க வழிகாட்டி கையாண்ட முறை மிக எளியது, மிக நல்லது. வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கூப்பனைக் கொடுத்தார். பழைய ஏற்றுமதி உரிமைச் சீட்டைப் பார்த்து இவர்களாக அச்சிட்டுக்கொண்ட மாதிரிதான் அது. உள்ளங்கை அளவு, மங்கிய பச்சைத் தாள், எடை எழுதுவதற்கு ஓர் இடம். நூறு பிக்கல் (ஒரு பிக்கல் ஏறக்குறைய 60 கிலோ) ரப்பர் எடுத்த சிறுதோட்டக்காரன் நீங்கள் என்று என்னிடம் சொல்லி, அறுபது பிக்கலுக்கான சீட்டை என் கையில் வைத்துவிட்டு, மீதி நாற்பதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எரிப்பேன் என்றார் ஒருவர். வைத்திருப்பேன் என்றார் இன்னொருவர். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி மட்டும் தன் கையிலிருந்த சீட்டை ஆட்டிக்காட்டி, “எனக்குத் தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. என் சீட்டை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே” என்றாள். அந்தக் கணத்தில் ரப்பர் வணிகம் இரண்டாகப் பிரிந்ததை எல்லாருமே புரிந்துகொண்டோம். சீட்டோடு வரும் ரப்பருக்கு ஒரு விலை, சீட்டில்லாமல் வரும் ரப்பருக்கு அதைவிடக் குறைந்த விலை, இரண்டுக்கும் இடையிலுள்ள தொகையே சீட்டின் விலை. பொருள் கைமாறாமலே உரிமை மட்டும் கைமாறும் சந்தை ஒன்று இப்படித்தான் பிறந்தது. இன்றும் கோட்டா உள்ள எந்தச் சரக்கிலும் இது நடக்கிறது. என் அலுவலக மேசையில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனாலும் ஒரு பச்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியபோது விளங்கியதுபோல் முன்பு எனக்கு விளங்கியதில்லை.

சிறுதோட்டக்காரர்களின் நிலையைப் பற்றியும் இங்கே ஒரு நல்ல குறிப்பைச் சொன்னார்கள். பெரிய தோட்டங்களில் ஆண்டுக் கணக்கேடு இருந்தது. இத்தனை ஏக்கர், இத்தனை ராத்தல் என்று எழுத்தில் காட்ட முடிந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருந்த மலாய்க் குடியானவரிடமோ சீனக் குடியானவரிடமோ என்ன ஏடு இருக்கும்? ஏடில்லாதவருக்கு அதிகாரிகள் ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாகவே எழுதினார்கள். அந்த மதிப்பு அவர்கள் மரங்கள் உண்மையில் கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தது. பங்குதாரர்களைக் காப்பதற்காகக் கொண்டுவந்த கட்டுப்பாட்டின் சுமையில் பெரும்பங்கு, கணக்கெழுதத் தெரியாதவர் தலையில் இறங்கியது.

நடையின் உச்சம் படகுத்துறைதான். இன்று வரிசையாக உணவக மேசைகள் போட்டிருக்கும் அந்த வளைந்த கரையில் ஒருகாலத்தில் தோங்காங் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. 1983இல் அவற்றைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பும் வரையில் கிடங்குகளும் கூலியாட்களும் நிறைந்த இடமாகவே அது இருந்தது. அங்கே ஒரு கல்படியில் உட்காரவைத்துத் துணிப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தார்கள். ஒன்று, புகையூட்டிய ரப்பர் ஷீட். தேன் நிறத்தில், வரிவரியாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் அளவுக்குச் சுத்தமாக, கருவாட்டுக் கூடையும் புகையும் கலந்தாற்போன்ற வாசத்தோடு இருந்தது. மற்றொன்று, செங்கல் பருமனில் சாம்பல் பூத்த கட்டி. அதில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன, அடியில் மணல் இருந்தது, பழுப்புத் தாளின்மேல் வைத்து அழுத்தினால் ஈரம் கோலம் போட்டது. மூக்கைப் பொத்திக்கொள்ளாதவர் எவருமில்லை. வழிகாட்டி அதை ஷீட்டின் மட்டமான வகை என்று சொல்லத் தொடங்கியதும், ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர் என்று பின்னர் தெரியவந்த ஒரு மூதாட்டி குறுக்கிட்டார். “தம்பி, இது ஷீட்டே இல்லப்பா. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் ஒண்ணாப் போட்டு உருட்டி வச்சது. இந்த நாத்தத்த நான் மறப்பனா?” என்றார். வழிகாட்டி கோபப்படாமல், அந்தக் கட்டியை அவரிடமே கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் அம்மா என்று விட்டுவிட்டார். பால் வெட்டுக்குப் போன பெண்கள் வாளிகளைக் காண்டாவில், அதாவது தோள்கம்பில், தூக்கி வந்ததிலிருந்து, பட்டையில் காய்ந்து ஒட்டிய பாலைச் சுரண்டிச் சேர்த்தது வரை அவர் பேசிய பத்து நிமிடமும் கட்டணத்தில் சேராத கூடுதல் வரவு.

அந்த நாற்றக் கட்டிதான் இந்த நடையின் கதாநாயகன். கட்டுப்பாட்டில் பிரிட்டிஷ் காலனிகள் மட்டுமே சேர்ந்திருந்தன. சுமாத்ராவையும் போர்னியோவின் பெரும்பகுதியையும் ஆண்ட டச்சுக்காரர்கள் சேர மறுத்துவிட்டார்கள். சுமாத்ராவின் ஜாம்பியிலும் பலேம்பாங்கிலும், போர்னியோவின் பொந்தியானாக்கிலும் பஞ்சார்மாசினிலும் நெல்லை அறுத்த காட்டு நிலத்தில் ரப்பர் நட்டுவைத்திருந்த குடியானவர்களுக்கு எந்தக் கூப்பனும் தேவைப்படவில்லை. மலாயாவின் கையைக் கட்டி லண்டன் ஏற்றிவிட்ட விலையை அவர்கள் முழுதாக வாங்கினார்கள். ஜாம்பிப் பக்கத்தில் அந்த ஆண்டுகளைப் பொன்மழைக் காலம் என்று மக்கள் சொன்னார்கள். அவர்களுடைய ரப்பரோ இப்படித்தான், நீரும் பட்டையும் மணலுமாக இருந்தது; நேரே நியூயார்க்குக்கு அனுப்ப முடியாதது. கழுவி, உருளைகளுக்கிடையே நசுக்கி, கம்பளம் போன்ற கிரேப்பாக இழுத்து உலர்த்தித் தரும் ஆலைகள் சிங்கப்பூரில், ஆற்றோரத்திலும் காலாங் பக்கத்திலும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சீன முதலாளிகளுக்குச் சொந்தம். வெளிநாட்டு ரப்பரை இறக்குமதி செய்து மறு ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு கிடையாது என்பதால், ஆலைகளின் உருளைகள் ஓயவே இல்லை. தீபகற்பத்திலிருந்து வந்த சரக்குக்கு அளவு. தீவுகளிலிருந்து வந்த சரக்குக்கு அளவில்லை. இரண்டும் வந்து சேர்ந்ததோ ஒரே துறைமுகம்.

இந்த இடத்தில் வழிகாட்டி சொன்ன ஒன்று என்னை நின்று யோசிக்கவைத்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஒரு துறைமுகத்தை நசுக்கும் என்று எண்ணுவதே நம் வழக்கம். விளைநிலத்துக்கு அது பொருந்தலாம். இடைநின்று வாங்கி விற்கும் ஊருக்கு வேறு கணக்கு. ஒரு வாசலை அடைத்தால் சரக்கு மறு வாசல் வழியே வரும், இரண்டு வாசலும் திறக்கும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நட்டமில்லை. ரப்பர் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் வைத்திருந்த டான் கா கீயின் செல்வம் உச்சத்தைத் தொட்டது 1925ஆம் ஆண்டில், அதாவது கட்டுப்பாட்டின் நட்டநடுவில் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் பொருள் புலப்படுகிறது.

கள்ளக்கடத்தலைப் பற்றிய பகுதி கூட்டத்தை மிகவும் கவர்ந்தது. எனக்கும் அதில் தொழில்முறை ஆர்வம் உண்டு. ஜொகூரில் சீட்டில்லாமல் மலிவாகக் கிடந்த ரப்பரை இரவில் படகேற்றி, கண்ணுக்கெட்டும் தொலைவிலிருந்த டச்சு ரியாவ் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு நாள் வெயிலில் போட்டு, மறுநாள் டச்சு ரப்பராகச் சிங்கப்பூருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சரக்கு மாறவில்லை, அதன் பிறந்த ஊர் மட்டும் மாறிவிட்டது. மது, புகையிலை, பெட்ரோலியம், அபின் போன்ற சிலவற்றைத் தவிர வேறெதற்கும் தீர்வை வாங்காத, சுங்கச் சாவடிகளே பெரிதாக இல்லாத ஒரு கட்டற்ற துறைமுகத்தில் இதைத் தடுக்க ஆளும் படகும் தேட வேண்டியிருந்தது. பிறப்பிடச் சான்றிதழ் என்ற தாளை நான் நாள்தோறும் நிரப்புகிறேன். அந்தத் தாளுக்கு இப்படியொரு பூர்வீகம் உண்டென்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஜொகூர் கடற்பாலத்தில் போக்குவரத்து தொடங்கியதும் இதே 1923, 1924 ஆண்டுகளில்தான் என்பதை அவர்கள் சொல்லவில்லை. தீபகற்பத்துச் சரக்குக்குத் தடையற்ற பாதையைக் கல்லில் கட்டிக்கொண்டே காகிதத்தில் தடை போட்ட அந்த முரணை அவர்கள் விட்டுவிட்டது வியப்பாக இருந்தது.

விலை விவரங்களில் அவர்கள் கொடுக்கும் துண்டுத்தாளை அப்படியே நம்ப வேண்டாம். கட்டுப்பாட்டின் அச்சாக அமைந்த விலை ராத்தலுக்கு 1 ஷில்லிங் 3 பென்னி. தாளில் அது 1.3 ஷில்லிங் என்று அச்சாகியிருக்கிறது. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ஆகவே 15 பென்னி என்பது ஒன்றேகால் ஷில்லிங். அக்காலத்தில் இங்கே புழங்கிய நீரிணை வெள்ளி ஒன்று 2 ஷில்லிங் 4 பென்னிக்கு இணையாக 1906 முதல் நிலைநிறுத்தப்பட்டிருந்ததால், உள்ளூர்ப் பணத்தில் அது ஏறக்குறைய 54 காசு வரும். சிறு பிழைதான், எனினும் விலை வரலாறு பேசும் தாளில் இருக்கக் கூடாத பிழை. மற்றபடி, ஏற்றுமதிக்கு அனுமதித்த விழுக்காடு 1924 இறுதியில் 50 வரை இறங்கியதும், அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளும் டயர்களும் பெருகியதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே நகரும் அளவுகோலால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் 1925இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியதும் சரியாகவே சொல்லப்பட்டன. நீரிணை வெள்ளியில் ராத்தலுக்கு ஒன்றே முக்கால் வெள்ளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1926 தொடக்கத்தில் நூறு விழுக்காட்டையும் திறந்துவிட்டார்கள். அதற்குள் வாங்குபவரின் மனம் கசந்துவிட்டது. உலக ரப்பரில் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருந்த அமெரிக்காவில், வணிகத்துறை அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் இதை வழிப்பறி என்ற கணக்கில் பேசினார். பழைய டயர்களின் ரப்பரை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முயற்சி வளர்ந்தது. ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் வரை குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது. ஃபோர்டு அமேசான் காட்டில் நிலம் வாங்கினார்.

ஃபுல்லர்டன் கட்டடத்தின் எதிரே நடை முடிகிறது. இன்று விடுதியாக இருக்கும் அந்தக் கட்டடம் 1928 ஜூனில் திறக்கப்பட்டபோது தலைமை அஞ்சலகத்தோடு வணிகச் சங்கமும் அதில் இடம்பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஏப்ரலில், கட்டுப்பாட்டை எடுத்துவிடப் போவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் பால்ட்வின் அறிவித்திருந்தார், விலை சரிந்துகொண்டிருந்தது, நவம்பர் 1 முதல் எல்லாம் நீங்கியது. திட்டம் தொடங்கும்போது உலக உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் காலனிகள், முடியும்போது பாதியைச் சற்றே தாண்டிய பங்கோடு நின்றன. மாலை வெளிச்சத்தில் அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்பது நல்ல நாடகம்தான். நடத்துபவர்களுக்கும் அது தெரியும் போலிருக்கிறது. அங்கே சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்.

ஆனால் நாடகத்துக்காக வரலாற்றை 1928இல் நிறுத்திவிட்டார்கள் என்பதே இந்த நடையின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை. சிங்கப்பூர் தப்பித்துக்கொண்டது என்ற எண்ணத்தோடு கூட்டம் கலைகிறது. உண்மையில் துறைமுகத்தைத் தொட்ட கட்டுப்பாடு அதற்குப் பிறகு வந்ததுதான். 1932இல் ரப்பர் ராத்தலுக்கு 2 பென்னிக்கும் கீழே போனது. அதன் பின் 1934 மே 7 அன்று பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை சேர்ந்து சர்வதேச ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இம்முறை டச்சுக்காரர்களும் உள்ளே இருந்தார்கள். அடைக்காமல் விட்ட வாசலை அடைத்தாயிற்று. தம் குடியானவர்களின் ரப்பருக்கு டச்சு அரசு தனி ஏற்றுமதித் தீர்வை விதித்ததோடு, ஈரக் கட்டியை அப்படியே சிங்கப்பூருக்கு அனுப்பிக் கூலியை அங்கே இழப்பதைவிடத் தம் தீவுகளிலேயே கழுவி உலர்த்துவதை ஊக்குவித்தது. ஆலைகள் பொந்தியானாக்குக்கும் பலேம்பாங்குக்கும் நகர, காலாங் ஆலைகளின் பிழைப்பு சுருங்கியது. உலக மந்தத்தில் கடனில் சிக்கி, வங்கிகளின் கைக்குப் போயிருந்த டான் கா கீயின் நிறுவனமும் 1934இல்தான் மூடப்பட்டது. அதற்கு மந்தமே முதற்காரணம் என்றாலும், அவரை 1925இன் உச்சியில் காட்டிவிட்டு 1934ஐச் சொல்லாமல் விடுவது பாதிக் கணக்கைக் காட்டி இலாபம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

வெள்ளீயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது அடுத்த குறை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் இந்தத் துறைமுகம் நேரடியாக வாழ்ந்த கதை அது. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் சிங்கப்பூரை ஒட்டிய பிரானித் தீவில் வெள்ளீயத் தாதை உருக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் நியூஜெர்சியின் பேயோனில் உருக்காலை ஒன்றைக் கட்டி, மலாயாத் தாதை நேரே வாங்க முற்பட்டபோது, கூட்டு மலாய் மாநிலங்கள் 1903இல் தாது ஏற்றுமதிமேல் பெருந்தீர்வை விதித்தன. சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் உருக்கப்படும் தாதுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. அமெரிக்க ஆலை தாதின்றி நின்றது, பிரானியின் உலை எரிந்துகொண்டே இருந்தது. ஒரே துறைமுகம், இரண்டு சரக்கு, இரண்டு விதமான கட்டுப்பாடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் நடைக்கு எவ்வளவு ஆழம் கூடியிருக்கும்! பிரானி இன்று கொள்கலன் முனையமாகிவிட்டது, அங்கே நடத்திச் செல்ல முடியாது என்பது புரிகிறது. வாயால் சொல்ல நடக்க வேண்டியதில்லையே.

தமிழ் நடை என்று விளம்பரப்படுத்துவதால் தமிழர் பக்கத்தையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. மார்க்கெட் ஸ்திரீட்டில் நின்று, இங்கேதான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன, ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டியடி போட்டு வட்டிக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னதெல்லாம் சரி. ரப்பர் விலை ஏறியபோது அந்தக் கடன் எப்படி நிலமாக விரிந்தது, விலை விழுந்தபோது அடமானத் தோட்டங்கள் எப்படி அவர்கள் கைக்கு வந்தன, அதற்கு எதிர்வினையாக 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் எப்படி இறுக்கப்பட்டது என்று தொடராமல் அடுத்த நிறுத்தத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். பால் வெட்டியவர்களைப் பற்றியோ அந்த மூதாட்டி பேசியதைத் தவிர வேறெதுவும் இல்லை. ஏற்றுமதி அளவைக் குறைத்தால் மரத்தடியில் வேலை குறைகிறது; கங்காணி அழைத்துவந்த குடும்பத்துக்கு நாள் குறைகிறது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த அடிப்படைக் கூலி 1930இல் 40ஆகவும் 32ஆகவும் வெட்டப்பட்டது; ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டு, வந்தவர்கள் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். படகுத்துறையில் சீட்டின் விலையைப் பேசிவிட்டு இந்தக் கூலியைப் பேசாதது, கூப்பனின் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டதுபோல் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் இந்த நடையைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன். சுங்கம், சரக்குப் போக்குவரத்து, வங்கி ஆகிய துறைகளில் இருப்பவர்கள் தவறாமல் போகலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்றால் வரலாற்றையும் பொருளியலையும் ஒரே கல்படியில் உட்கார்ந்து கற்பார்கள். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல. எங்கள் குழுவிலிருந்த சிறுவன் ரப்பர்க் கட்டியை முகர்ந்ததோடு ஆர்வம் தீர்ந்து ஐஸ்கிரீம் கேட்கத் தொடங்கிவிட்டான். மாலை நான்கரை மணிச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள்; மழைக்குக் கேவனா பாலத்தருகே ஒதுங்க இடமிருக்கிறது. காதொலிக் கருவியைப் புறப்படும் முன்பே சோதித்துப் பாருங்கள். தமிழ்ச் சுற்றில் இருபது இடங்கள்தான், மாதத்துக்கு ஒன்றுதான், எனவே முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

முடிவில் கூப்பன்களைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விடைபெறும்போது வழிகாட்டியிடம், அடுத்த சுற்றிலாவது 1934ஐச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். “சேர்க்க ஆசைதான் சார். இன்னும் இருபது நிமிடம் கிடைத்தால் போதும், அதற்குத்தான் எங்கே போவதென்று தெரியவில்லை” என்றார். ரிட்லியிடம் கேட்டால் கொடுத்துவிடுவார் என்றேன்.